ஒப்புக்கொடுத்தலுக்கு ஒரு விளக்கம்

கிளிநொச்சி
2025 பெப்ரவரி 9

அக்காவுக்கு,

தம்பி தில்லைநாதன் எழுதிறன். பதினொரு வருசம் கழித்து எழுதிறன் என்பது எனக்கும் தெரியும். போன் எடுக்கச் சொல்லி மகன் ரஜிதன் சொன்னான். உங்களுக்கு ஒரு காது கேளாமல் போய்விட்டது என்று கேள்விப்பட்டன். மற்றக் காதில் என் குரல் விழுந்ததும் வெட்டிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கடிதத்தைக் கிழிப்பதென்றாலும் வாசித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள்.

விசயத்துக்கு வாறன். அப்பா தொடங்கின பழைய நகை வாங்கும் கடை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கு. ஆனால் வட்டக்கச்சிக் கமக்காரர் விதைப்புக்கு நகை விற்று, அறுவடைக்குப் பிறகு வாங்கின காலம் போய்விட்டது. இப்ப பவுன் இரண்டு இலட்சத்தைத் தாண்டி நிற்குது. ஆட்கள் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்டுத்தான் விற்கினம். அதனால் தைப்பொங்கலோடு ஜெயபுரத்தில் ஒரு கிளை திறந்தம். அங்கே புதுசாக ஒரு சபை வளர்ந்திருக்கு. ஞானஸ்நானம் எடுக்கும் பெண்கள் நகைகளைக் கழற்றி விற்கினம். தாலிக்கொடியும் கழற்றுகினம்.

போன மாதம் ஒரு பெண் கொடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு விளங்கவில்லை. எழும்பி நின்று, "எப்ப பிள்ளை நடந்தது? எங்களுக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லையே" என்றன்.

"என்ன நடந்தது?"

"இல்லை, அவர்..."

பின்னால் ஹெல்மெட்டோடு நின்ற ஆள், "அந்த அவர் நான்தான் ஐயா" என்றான்.

கொடியை எடுத்துக்கொண்டு எங்களுக்குப் போட்டியாக இருக்கிற பூநகரிக் கடைக்குப் போய்விட்டினம். இப்படி மூன்று பேர். "நான் இரட்சிக்கப்பட்டனான்" என்று ஒருத்தி சொல்ல, எந்த விபத்தில் என்று கேட்டன். ரஜிதன் தலையில் கை வைத்துவிட்டான்.

வீட்டில் வேதம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். இரட்சிப்பு, கிருபை, மனந்திரும்புதல், ஞானஸ்நானம், சாட்சி, ஒப்புக்கொடுத்தல் இந்த ஆறுக்கும் என்ன பொருள் என்று எனக்கு விளங்குகிற மாதிரி எழுதுங்கோ. அந்தச் சபைப் பாஸ்டரிடம் கேட்கலாம். கேட்டால் என்னையும் தண்ணிக்குள் இறக்கிவிடுவார் என்று உங்கட மச்சாள் பயப்படுகிறா.

தம்பி
தில்லைநாதன்


வவுனியா
2025 பெப்ரவரி 17

தம்பி தில்லைநாதனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம், யாருக்கு உடல்நலம் கெட்டுவிட்டது என்று தேடினேன். எவருக்கும் ஒன்றுமில்லை. பதினொரு ஆண்டு மௌனத்தைக் கலைக்க உனக்குக் கிடைத்த காரணம் வியாபாரம். அதை வேறு துணி போர்த்தாமல் எழுதியிருக்கிறாய். அந்த மட்டில் மகிழ்ச்சி.

அம்மாவின் வாயில் ஒரு பிடி அரிசி போட என்னை விடாத வீட்டிலிருந்து, ஞானஸ்நானம் என்றால் என்னவென்று கேட்டுக் கடிதம் வருகிறது. வேதக்காரி தொட்டால் அம்மாவின் ஆத்மா தடுமாறும் என்று மாமாமார் சொன்னதாக அன்று நீ என்னை முற்றத்தில் நிறுத்திச் சொன்னாய். அம்மா என்னைப் பெற்றபோது தடுமாறவில்லை. போகட்டும். கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் இருக்க நான் பழகவில்லை; நாற்பது ஆண்டு வகுப்பில் நின்ற தோஷம்.

இரட்சிப்பு: நீ நினைத்ததிலிருந்து அதிகத் தூரம் இல்லை. மூழ்கிக்கொண்டிருந்த ஒருவர், தம்மை வேறொருவர் தூக்கிவிட்டதாகச் சொல்வது. தாமே நீந்தி வந்ததாகச் சொன்னால் அந்தச் சொல் பொருந்தாது.

கிருபை: தகுதி பாராமல் கிடைப்பது. உன் தொழிலில் இதற்கு உதாரணம் தர முடியாது. நீ உரைகல்லில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் வாய் திறக்கிறாய்.

மனந்திரும்புதல்: செய்ததை எண்ணி வருந்துவது அதன் முதற் பாதி. வந்த வழியே திரும்பி நடப்பது மற்றப் பாதி. பெரும்பாலானவர்கள் முதற் பாதியோடு களைத்துவிடுகிறார்கள்.

ஞானஸ்நானம்: தண்ணீரில் மூழ்கி எழுந்து புதிய வாழ்வைத் தொடங்குவது. எங்கள் திருச்சபையில் தலையில் தெளித்தாலே போதும். செல்வநாயகத்தை மணப்பதற்கு முந்திய வாரம், இருபத்தாறு வயதில், மூன்று கை தண்ணீர் வாங்கிக்கொண்டேன். தடிமன் பிடித்து ஒரு கிழமை தும்மினேன். வேறு மாற்றம் உடனே தெரியவில்லை.

சாட்சி: தன் வாழ்வில் நடந்ததைச் சபை முன் எழுந்து சொல்வது. நீதிமன்றத்தில் போல இங்கே குறுக்கு விசாரணை இல்லை. ஆகவே சிலர் நீட்டிக்கொண்டே போவார்கள்.

ஒப்புக்கொடுத்தல்: தன்னிடம் இருப்பவற்றுள் எதைக் கொடுக்க மனம் கடைசிவரை மறுக்கிறதோ, அதையே முதலில் கொடுத்துவிடுவது. மற்றவற்றைக் கொடுப்பவர் மிச்சத்தைக் கொடுக்கிறார். இதைக் கொடுப்பவரே தம்மைக் கொடுக்கிறார்.

எங்கள் சபையில் தாலி உண்டு. பிள்ளையார் இருக்கும் இடத்தில் புறா இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. அந்தப் புதிய சபையார் பொன்னை உலகத்துக்குரியது என்று கழற்றுகிறார்கள். அதுபற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது உன் கடைக்குத் தேவையில்லை.

சிரித்துக்கொண்டு வருபவளிடம் செத்தவீடு விசாரிக்காதே. "விற்பதற்கு முடிவு செய்துவிட்டீர்களா?" என்று கேள். ஓம் என்றால் தராசில் வை. தயங்கினால் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பு.

இராசமலர்


கிளிநொச்சி
2025 மார்ச் 30

அக்காவுக்கு,

உங்கட கடிதம் எங்களுக்குப் பெரிய உதவி. இப்ப ஜெயபுரக் கடையில் சனிக்கிழமைகளில் இருக்க வாங்கு போதாமல் இருக்கு. பூநகரிக் கடைக்குப் போன அந்த ஹெல்மெட்காரரே தன்ர தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "உங்களுக்கு எங்கட கதை விளங்குது ஐயா" என்றார். அக்கா, இந்தத் தொழிலில் நிறையைவிட நம்பிக்கைதான் பெரிசு. எங்கட கதை விளங்குகிற ஆள் எங்களை ஏமாற்றமாட்டான் என்று சனம் நினைக்குது.

நானும் "ஸ்தோத்திரம்" சொல்லப் பழகிவிட்டன். விடியப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் சொல்லுறன், யோசியாதையுங்கோ.

ரஜிதன் உங்கட விளக்கங்களை ரைப் செய்து, லமினேற் பண்ணி, கடை மேசையில் வைத்திருக்கிறான். அடியில் "விளக்கம்: திருமதி இராசமலர் செல்வநாயகம், பி.ஏ. சிறப்பு (பேராதனை)" என்று போட்டிருக்கு. உரைகல் கதையையும் தடிமன் கதையையும் எடுத்துவிட்டம். போன கிழமை பாஸ்டர் வந்தவர். நின்று முழுதும் வாசித்துவிட்டு, "இந்தச் சகோதரி ஆர்? நல்லாப் பிடிச்சு எழுதியிருக்கிறா" என்றார்.

ஒரு விசயம்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடம். அப்பா காலத்தில் தாலிக்கொடி வந்தால் முப்பத்தொரு நாள் உருக்காமல் ஒரு துணியில் கட்டி வைத்திருப்பார், தெரியும்தானே. விற்றவர்கள் திரும்பி வந்து அழுதால் வாங்கின விலைக்கே கொடுத்துவிடுவார். இப்ப விலை நாளுக்கு நாள் ஏறி இறங்குது. ஒரு மாதம் பொன்னை முடக்கி வைக்க ஏலாது என்று ரஜிதன் வாங்கிய கிழமையே உருக்கிக் கொழும்புக்கு அனுப்புகிறான். பெடியன் சொல்லுறதிலும் நியாயம் இருக்கு.

இத்தோடு ஒரு சோடிச் சீலை அனுப்புறன். கோபத்தில் திருப்பி அனுப்பாதையுங்கோ.

தம்பி
தில்லைநாதன்


வவுனியா
2025 ஏப்ரல் 8

தம்பிக்கு,

என் பெயரை அந்தத் தாளிலிருந்து எடு. பட்டத்தையும் எடு. நான்கு வருடம் மகாவலிக் கரையில் குளிரில் நடுங்கிப் படித்தது உன் மேசையில் ஒட்டுவதற்கு அல்ல.

சீலையில் ஒன்று நன்றாக இருக்கிறது. மற்றதைத் திருவிழாவுக்கு ஆடு கட்டப் பயன்படுத்தலாம்.

பாஸ்டர் எந்த விளக்கத்தைக் குறித்து அப்படிச் சொன்னார் என்று நீ எழுதியிருக்கலாம்.

இராசமலர்


வவுனியா
2025 மே 22

தில்லைநாதனுக்கு,

நேற்று முற்பகல் ஒரு பெண் என் படலையில் நின்றாள். பெயர் ஜெயரூபி, ஜெயபுரத்தில் இருக்கிறாள், நாற்பத்தைந்து வயதிருக்கும். விடிவதற்கு முன் பஸ் ஏறி, கேட்டுக் கேட்டு என் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். கையில் இருந்த போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் உன் மேசையும் அந்தத் தாளும் இருந்தன. நான் எடுக்கச் சொன்ன என் பெயரும் அடியில் இருந்தது.

"அம்மா, இதை எழுதினது நீங்களோ?"

"ஓம்."

"இந்தக் கடைசி வரிக்குள்ள தாலியும் அடங்குமோ?"

உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். அவள் சொன்னதை அவள் சொன்ன ஒழுங்கிலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்து.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் வட்டுவாகல் பாலத்தருகே அவளுடைய கணவன் இராணுவத்தால் ஒரு பஸ்ஸில் ஏற்றப்பட்டான். விசாரித்துவிட்டு அனுப்புவார்கள் என்றார்கள். பதினாறு வருடம். இவள் கொடியையும் கழற்றவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. கிளிநொச்சியில் காணாமற்போனவர்களின் குடும்பங்கள் இருக்கும் வீதியோரக் கொட்டகையில், அவன் படத்தை வைத்துக்கொண்டு மாமியாரோடு இவளும் இருக்கிறாள். தோடும் மோதிரமும் தவிர மற்றெல்லாம் விற்றுச் சாப்பிட்டாயிற்று. கொடியை மட்டும் தொடவில்லை. அதைக் கழற்றினால் அவன் செத்துவிட்டான் என்று தானே சொன்னதாகும்.

சென்ற வருடம் அந்தச் சபைக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். அங்கே யாராவது பக்கத்தில் வந்து இருக்கிறார்கள் என்றாள். ஞானஸ்நானத்துக்கு முன் பாஸ்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, "தோட்டையும் மோதிரத்தையும் கழட்டுங்கோ, போதும். உங்கட தாலியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டன்" என்றிருக்கிறார். கவனி: சபை கேட்கவில்லை.

ஏப்ரல் முப்பதாந் திகதி தோட்டையும் மோதிரத்தையும் விற்க உன்னிடம் வந்தாள். நீ கொடியைக் காட்டி, "அது?" என்று கேட்டாய். இல்லை என்றாள். நீ தாளை அவள் பக்கம் திருப்பினாய்.

"ஐயா கடைசி வரியில விரலை வைச்சு வாசிச்சார். பிறகு இன்னொருக்கா வாசிச்சார். பேராதனையில படிச்ச ஆள் எழுதினது எண்டும் சொன்னார்" என்றாள்.

அங்கேயே கழற்றிக் கொடுத்திருக்கிறாள். ஐந்தரைப் பவுன்.

ஞானஸ்நானம் முடிந்து கொட்டகைக்குப் போனபோது மாமியார் வெறுங்கழுத்தைக் கண்டிருக்கிறார். "இத்தனை வருசமும் என்ர பிள்ளையை ஒருத்தரும் சாகக் குடுக்கேல்லை. நீ குடுத்திட்டாய்" என்றாராம். அதன் பிறகு கதையில்லை. அவன் படத்தை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். இனி அரசாங்கம் தரும் மரணச் சான்றிதழை வாங்கலாம்தானே என்று ஒருத்தி கேட்டாளாம்.

ஜெயரூபி அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தேநீர் கொடுத்து முதுகைத் தடவி அனுப்பியிருப்பேன். அவள் தன் கேள்விக்குப் பதில் எதிர்பார்த்து இருந்தாள்.

"அந்த வரி பிழை, பிள்ளை" என்றேன்.

"அப்ப, நான் குடுத்திருக்கத் தேவையில்லையோ?"

"தேவையில்லை."

அதைக் கேட்டு அவள் முகம் எப்படி ஆயிற்று என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

அந்த வரியை எழுதிய அன்று மூன்று தரம் திருத்தினேன். ஓசை நன்றாக விழுந்தது. அது சரியா என்று பார்க்கத் தோன்றவில்லை. நாற்பத்தெட்டு ஆண்டு கிறிஸ்தவளாக இருந்த நான் அப்படி எதையும் கொடுத்தவள் அல்லள். பிறகு என் பெயரை எடுக்கச் சொல்லி உனக்கு எழுதினேன். தாளை எடுக்கச் சொல்லவில்லை. பாஸ்டர் எதைப் பாராட்டினார் என்று வேறு கேட்டேன்.

இனி உன் பங்கு. உன் கடைக்கு இரண்டு தரம் போனாளாம். "அப்பா வரட்டும்" என்று ரஜிதன் அனுப்பியிருக்கிறான். நீ கொடுத்த காசு ஒரு சதமும் குறையாமல் அவளிடம் இருக்கிறது. கொடி இருக்கிறதா, இல்லையா? போனில் கேட்கலாம், உன் குரலில் உள்ள பொய்யைப் பிடிக்கும் காது இப்போது எனக்கில்லை. எழுத்தில் பொய் சொன்னால் கண்டுபிடிப்பேன். உடனே எழுது.

இராசமலர்


கிளிநொச்சி
2025 மே 25

அக்காவுக்கு,

கொடி இல்லை. அவ விற்றது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை உருக்கியாச்சு.

நீங்கள் எழுதினதில் பிழை இல்லை. தாளைத் திருப்பி வைத்ததும் உண்மை, இரண்டு தரம் வாசித்ததும் உண்மை. மேலே ஒரு வரியை வெட்டியிருக்கிறன், பார்த்திருப்பீர்கள். அவவின்ர புருசன் காணாமல்போனவர் என்று அந்த நேரம் எனக்குத் தெரியாது என்று எழுதத் தொடங்கினன். தெரியும். அவ சொன்னவ. "அவர் வருவார் ஐயா, அதைத் தரமாட்டன்" என்று சொன்னவ. அதைக் கேட்ட பிறகுதான் இரண்டாந்தரம் வாசித்தனான்.

ஏன் என்று கேட்பீர்கள். அந்தக் கிழமை பூநகரிக்காரன் ஜெயபுரச் சந்தியில் கடைக்கு இடம் பார்த்துக்கொண்டு திரிந்தான். நல்ல பழைய கொடி, கலப்பில்லாத பொன். கண்ணால் பார்க்கவே தெரிந்தது. வேறொன்றும் இல்லை.

இப்ப ஒரு வழி இருக்கு. வாங்குகிற நகை எல்லாவற்றையும் ரஜிதன் படம் பிடித்து வைப்பான். அந்தக் கொடியின் படம் இருக்கு, நிறை இருக்கு. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தெரிந்த, நகை செய்யிற பத்தர் ஒருத்தர் அதே முறுக்கில், அதே நிறையில் செய்து, கொஞ்சம் தேய்வும் காட்டித் தருவார். கூலியும் பொன்னும் என்ர செலவு. பழைய கொடிதான், உருக்காமல் இருந்தது என்று சொல்லிக் கொடுத்தால் அவவுக்கும் நிம்மதி, மாமியாருக்கும் நிம்மதி. ஒருத்தருக்கும் தெரியவராது. உங்களிட்ட மறைத்துச் செய்ய எனக்கு மனமில்லை. சரி என்று ஒரு வரி எழுதுங்கோ.

வெட்டாமல் இன்னொன்றையும் எழுதிவிடுறன். அம்மாவுக்கு வாய்க்கரிசி போட உங்களை விடாதது மாமாமார் இல்லை. "பெத்த பிள்ளை, போடட்டும்" என்றுதான் அவையள் சொன்னவை. நான்தான் விடேல்லை. கோயில் ஆட்கள் கடைக்கு வராமல் விட்டுவிடுவினம் என்று பயந்தன்.

தில்லைநாதன்


வவுனியா
2025 மே 30

தம்பிக்கு,

நீ கேட்ட ஒரு வரி: செய்யாதே.

அவள் பதினாறு வருடம் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நித்திரை கொண்டவள். முள்ளிவாய்க்காலில் அதைச் சட்டை மடிப்பில் தைத்துக்கொண்டு நடந்தவள். நிறை உனக்குத் தெரியும். அதன் ஒவ்வொரு முறுக்கும் அவளுடைய விரலுக்குத் தெரியும். பத்தர் எவ்வளவு தேய்த்தாலும் முதல் நாளே கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்த பின் மாமியாருக்காக வாயை மூடிக்கொள்வாள். பிறகு ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்யை அணிந்துகொண்டு கொட்டகையில் இருப்பாள். நம் இருவருக்கும் நிம்மதி கிடைக்கும் என்பது உண்மை. அவளைக் காரணம் காட்டாதே.

அம்மாவைப் பற்றி எழுதியதையும் வாசித்தேன். பதினொரு ஆண்டு நான் மாமாமாரோடு கதைக்கவில்லை, இருவரும் இறந்துவிட்டார்கள். மன்னித்தேன் என்று எழுத எனக்குச் சொல் தெரியும். சொற்களைச் சரளமாக எடுத்து வைப்பதில் எனக்கு இப்போது கொஞ்சம் வெறுப்பு. ஆகவே அதை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன்.

ஜெயரூபி இழந்தது எதுவென்று யோசித்துப் பார். பொன் போனது ஒரு பகுதி. கணவன் உயிரோடு இல்லை என்று அவள் ஒத்துக்கொண்டுவிட்டாள் என எல்லோரும் நம்புகிறார்கள்; அவள் மறுத்துச் சொன்னால் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புகிறார்கள். அவள் "அவர் வருவார்" என்று சொன்னதைக் கேட்டவன் உலகத்தில் ஒருவன் இருக்கிறான். அவன் நீ. அதைக் கேட்ட பிறகு என்ன செய்தாய் என்பதும் உனக்குத்தான் தெரியும்.

கொட்டகைக்குப் போ. மாமியாரும் மற்றவர்களும் கூடியிருக்கும் நாளில் போ. நடந்ததைச் சொல். அந்த ஆறு சொற்களில் ஒன்றைக்கூட எடுக்காதே. பாவம், மன்னிப்பு என்றும் தொடங்காதே; தொடங்கினால் அவர்கள் உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும். இத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீ சொல்லி முடித்த பிறகு அதை வாசி.

நான் ஏன் வரவில்லை என்று கேட்பாய். வந்தால் நான்தான் கதைப்பேன். நீ என் பின்னால் நின்றுகொள்வாய்.

இந்தச் செய்தி சபைக்குப் போகும். ஜெயபுரக் கடை விழக்கூடும். விழட்டும் என்று வவுனியாவில் இருந்துகொண்டு எழுதுவது எனக்கு இலகு. ஓய்வூதியம் மாதம் தவறாமல் வருகிறது. அதை அறிந்தே எழுதுகிறேன்.

இராசமலர்

(உள்ளே வைத்தது)

ஜெயபுரத்தில் உள்ள நகை வாங்கும் கடையில் வைக்கப்பட்டிருந்த விளக்கங்களை எழுதியவள் நான். கடைசி விளக்கம் பிழையானது. அழகாக இருக்கிறது என்பதற்காக எழுதினேன். ஜெயரூபியிடம் தாலியைக் கேட்டது அவருடைய சபையும் அல்ல, கடவுளும் அல்ல. நானும் என் தம்பியும். கணவரைப் பற்றி அவர் என்ன நம்புகிறார் என்பதற்கும் அவருடைய வெறுங்கழுத்துக்கும் சம்பந்தம் இல்லை.

இராசமலர் செல்வநாயகம்


கிளிநொச்சி
2025 ஜூன் 8

அக்காவுக்கு,

நேற்றுப் போனனான்.

இரண்டு கடையையும் பூட்டச் சொன்னன். ரஜிதன் மாட்டன் என்றான். "நீங்கள் போய் உங்கட மனதைக் கழுவிப்போட்டு வாங்கோ, வாற சனத்துக்கு நான்தானே முகம் குடுக்கவேணும்" என்றான். அவன் சொன்னதிலும் பிழையில்லை. நான் போய் ஜெயபுர மேசையிலிருந்த தாளை எடுத்தன். ஒட்டியிருந்தது, இழுக்கக் கிழிந்து வந்தது.

கொட்டகையில் பதினைந்து, இருபது பேர் இருந்தவை. முன்னால் வீதியைப் பார்த்தபடி படங்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை தந்தவை. நானும் யாரையோ தேடி வந்த ஆள் என்று நினைத்திருக்க வேணும். ஒரு மனுசி, "உங்கட ஆள் எங்க வைச்சுக் காணாமல்போனவர்?" என்று கேட்டா. இல்லை, நான் நகை வாங்கிற கடை என்றன். "இங்க வாங்க ஒண்டும் மிச்சமில்லை ஐயா" என்றா. பக்கத்தில் இருந்தவையும் சிரித்தவை. ஜெயரூபி கடைசியில் இருந்தவ. என்னைக் கண்டதும் எழும்பிவிட்டா.

நான் கதிரையை விட்டு எழும்பிச் சொன்னன். வீட்டில் யோசித்து வைத்தது ஒன்றும் வரவில்லை. "இந்தப் பிள்ளை தாலியை விக்க வரேல்லை. தோடும் மோதிரமும் விக்க வந்தவ. நான்தான் கொடியைக் கேட்டனான். அவர் வருவார், தரமாட்டன் எண்டு சொன்னவ. அதைக் கேட்ட பிறகும் நான் விடாமல் வாசிச்சு வாசிச்சுக் கழட்ட வைச்சனான். கொடி இப்ப இல்லை. உருக்கிப்போட்டன்" என்றன்.

பிறகு உங்கட தாளை வாசித்தன்.

மாமியார் மனுசிக்கு எண்பது வயதிருக்கும். "அந்தப் படிச்ச மனுசி என்ன சொல்லுறா? இன்னொருக்கா வாசி" என்றா. வாசித்தன். பாதியில் கையைக் காட்டி நிற்பாட்டிவிட்டு, ஜெயரூபியைப் பார்த்து, "அவன் வருவான் எண்டு கடையில சொன்னனியோ?" என்று கேட்டா.

"சொன்னனான் மாமி."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

மனுசி எழும்பிப்போய், கடைசியில் இருந்த மகன்ர படத்தை எடுத்து, சீலைத் தலைப்பால் துடைத்து, வரிசையின் நடுவில் வைத்தா. அங்கே இருந்த ஒரு படத்தை நகர்த்தித்தான் இடம் எடுத்தவ. அந்தப் படத்துக்காரி தானே தன்ர படத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தா.

அதற்குப் பிறகு என்னைக் கேள்வி கேட்டது ஒரே ஒரு இளம் பெண். எத்தனை பேரிட்ட இப்படி வாசிச்சனீங்கள் என்று கேட்டா. ஏழு பேர் என்றன். அதைச் சபையிலும் வந்து சொல்லுவீங்களோ என்று கேட்டா. ஓம் என்றன். நாளைக்குப் பாஸ்டரிட்டப் போகவேணும். மற்ற ஆறு கொடியும் உருக்கியாச்சு. இனி வாற தாலியை முப்பத்தொரு நாள் வைத்திருக்கிறது என்று ரஜிதனிட்டச் சொல்லியிருக்கிறன். ஜெயபுரத்துக்கு இனித் தாலி வருமோ தெரியாது.

வெளிக்கிட முதல் ஜெயரூபியிட்ட, "ஐந்தரைப் பவுன் பொன் உங்கட பேரில தனியாக எடுத்து வைக்கிறன். எப்ப சொன்னாலும் கொடி செய்து தாறன், காசு திருப்பித் தரவேண்டாம்" என்றன்.

"காசு வீட்டில இருக்கு, கொண்டுவந்து தருவன். கொடி இப்ப வேண்டாம் ஐயா. அவர் வந்தால் ரெண்டு பேருமா வந்து செய்விப்பம்" என்றா.

நான் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டன். வீதியால் எங்கட வாடிக்கைக்காரர் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் போனவை. வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தவை.

"ஐயா, கொஞ்சம் அரக்கி இருங்கோ. வீதியால போறவைக்குப் படம் தெரியேல்லை" என்றா ஜெயரூபி.

கதிரையை அரக்கி ஓரமாகப் போட்டன். மத்தியானம் வரைக்கும் அதிலேயே இருந்தனான்.

தில்லைநாதன்